நடுவில் ஈரம் நிற்கும் சாக்லேட் குக்கீ: புதிதாகச் சுடுபவர்களுக்கு

சாக்லேட் குக்கீ விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓரம் லேசாக இறுகியிருந்தால் போதும், நடுவில் பல் மெத்தென்று இறங்க வேண்டும், பிய்த்துப் பார்த்தால் உள்ளே அடர்த்தியாக ஈரம் தெரிய வேண்டும் என்பது மற்றொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சிக்கு. இதையே ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுட்டால் மொறுமொறுப்பாகிவிடுமே என்று முதல் கட்சிக்காரர்கள் நினைக்க வேண்டாம். மொறுமொறுப்பு வராது, வறட்சிதான் வரும். அதற்குச் செய்முறையே வேறு.

இந்தக் குக்கீ பெயருக்குத்தான் குக்கீ, உள்ளுக்குள் அது பிரவுனி, அதாவது அடர்த்தியான சாக்லேட் கேக். கலவையைக் கையால் உருட்ட முடியாது, கரண்டியால் எடுத்துத்தான் வைக்க வேண்டும். முக்கால்வாசி வேலையைச் செய்வது உருக்கிய சாக்லேட்டும் முட்டையும் சர்க்கரையும். அவை ட்ரேயில் வழிந்தோடாமல் பிடித்துவைக்கிற அளவுக்கு மட்டும் மைதா போதும். அதனால் இது கெட்டுப்போகிற இடங்களும் முக்கியமாக இரண்டுதான்: மைதாவை அளக்கிற இடம், ஓவனிலிருந்து வெளியே எடுக்கிற இடம். இரண்டிலும் கை கொஞ்சம் தாராளமானால் சின்னச் சின்ன வறட்டு கேக்குகள் கிடைக்கும். மற்றவை சற்று முன்னே பின்னே போனாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

தேவையானவை (சுமார் 16 குக்கீக்கு)

- டார்க் சாக்லேட் – 200 கிராம், உருக்குவதற்கு
- உப்பில்லாத வெண்ணெய் – 60 கிராம்
- முட்டை – 2 (ஓடு இல்லாமல் 100 கிராம்)
- வெள்ளைச் சர்க்கரை – 100 கிராம்
- பிரவுன் சர்க்கரை – 60 கிராம்
- வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்
- மைதா – 60 கிராம்
- கொக்கோ பவுடர் – 15 கிராம்
- பேக்கிங் பவுடர் – அரை டீஸ்பூன்
- உப்பு – கால் டீஸ்பூன்
- இன்ஸ்டன்ட் காபித்தூள் – அரை டீஸ்பூன் (விருப்பம் இருந்தால்)
- துண்டுகளாக நறுக்கிய சாக்லேட் – 80 கிராம், கடைசியில் கலப்பதற்கு

எல்லாம் கிராமில் இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கப் கணக்கு வசதியானதுதான். ஆனால் மைதா டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளும்போது மாவு அமுங்கிவிடும். தளர்வாக நிரப்பினால் அரை கப்பில் 60 கிராம் பிடிக்கும். அமுக்கி அள்ளினால் அதே அரை கப்பில் 75 கிராம் வரைகூடப் போகும். வெறும் 15 கிராம்தானே என்று தோன்றும். மொத்தமே 60 கிராம் போடுகிற இடத்தில் அது கால் பங்கு அதிகம், குக்கீயின் குணத்தையே மாற்றிவிடும். வீட்டில் தராசு இல்லையென்றால், மைதாவை முதலில் கரண்டியால் கிளறி விடுங்கள். பிறகு ஸ்பூனால் அள்ளிக் கப்பில் மெதுவாகப் போட்டு, கத்தியின் முதுகால் மேல்மட்டத்தை வழித்துவிடுங்கள். கப்பைத் தட்ட வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். அடிக்கடி சுடுகிற எண்ணம் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது டிஜிட்டல் தராசுதான். முட்டை அடிக்கும் பீட்டர், விதவிதமான ட்ரே எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாக்லேட்டைப் பார்த்து வாங்குங்கள்

உறையின் முன்பக்கத்தில் டார்க் என்று எழுதியிருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. பின்பக்கம் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். கொக்கோ பட்டர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பாமாயில் போன்ற தாவரக் கொழுப்பு இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். மேலே பூசவும் அலங்கரிக்கவும் அது வசதி, இந்த வேலைக்கு ஆகாது. காரணம் எளிது. கொக்கோ பட்டர் உருகுவது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில். அதாவது, வெளியில் கெட்டியாக நிற்கும், வாய்ச்சூட்டில் கரைந்துவிடும். ஆறிய குக்கீ கையில் உறுதியாகவும் நாக்கில் குழைவாகவும் இருப்பதற்கு இதுவே அடிப்படை. காம்பவுண்டில் செய்தால் வாயின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போன்ற ஒரு படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கொக்கோ அளவு 55 முதல் 65 சதவீதம் வரை உள்ள சாக்லேட் இந்த அளவுகளுக்குச் சரியாகப் பொருந்தும். 70 சதவீதத்தில் செய்தால் இனிப்பு குறையும், கலவை இன்னும் கெட்டியாகும், குக்கீ குறைவாகப் பரவும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். பால் சாக்லேட்டை மட்டும் உருக்கிச் சேர்க்காதீர்கள். அதில் சர்க்கரை கூடுதல், கொக்கோ குறைவு, கலவை தளர்ந்து ட்ரே முழுக்க ஓடும். ஆசையாக இருந்தால் கடைசியில் கலக்கும் துண்டுகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் சிப்ஸையும் உருக்குவதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஓவன் சூட்டிலும் வடிவம் கலையாமல் நிற்பதற்காகவே பெரும்பாலான சிப்ஸில் கொக்கோ பட்டரைக் குறைத்திருப்பார்கள். உருக்கினால் கூழாக நிற்குமே தவிர, வழவழவென்று ஓடாது. கட்டிச் சாக்லேட்டை வாங்கி நீங்களே நறுக்குவது நல்லது. துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. நறுக்கும்போது உதிரும் தூளையும் சேர்த்தே போடுங்கள்.

கொக்கோ பவுடரில் இரண்டு வகை உண்டு. இயற்கையான கொக்கோ சற்றுப் புளிப்பும் வெளிர் பழுப்பு நிறமும் கொண்டது. காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் புளிப்பை எடுத்த டச்சு முறை கொக்கோ கறுத்திருக்கும், சுவையும் மென்மையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் கூன்ராட் வான் ஹௌட்டன் கொண்டுவந்த முறை அது, பெயரும் அந்த நாட்டால் வந்ததே. இந்தச் செய்முறையில் பேக்கிங் பவுடர் சேர்ப்பதால் இரண்டில் எதையும் பயன்படுத்தலாம். பேக்கிங் சோடா சேர்க்கும் செய்முறைகளில்தான் கவனம் தேவை. சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும், டச்சு கொக்கோவில் அது இல்லை.

சர்க்கரையில் கை வைக்காதீர்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, சர்க்கரை அதிகமாகத் தெரிகிறதே, பாதியாக்கிவிடலாமா என்பது. பாயசத்தில் சர்க்கரையைக் குறைத்தால் பெரும்பாலும் இனிப்புதான் குறையும். இங்கே ஈரமே போய்விடும். சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டையின் புரதமும் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடாமல் தள்ளிப்போடுவதும் அதுதான். அதைக் குறைத்தால் குக்கீ பரவாது, மேலே வெடிப்பு விழாது, நடுவும் ரொட்டி போல ஆகிவிடும். இனிப்பு குறைய வேண்டும் என்றால் சர்க்கரையைத் தொடாமல், சாக்லேட்டை 70 சதவீதத்துக்கு மாற்றுங்கள்.

பிரவுன் சர்க்கரையில் மொலாசஸ் என்ற கறுத்த கரும்புப் பாகு இருப்பதால் அது வெள்ளைச் சர்க்கரையைவிட அதிக ஈரம் பிடிக்கும், மறுநாளும் குக்கீயை மெத்தென்று வைத்திருக்கும். அப்படியானால் முழுக்கப் பிரவுன் சர்க்கரையே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் மேலே பளபளவென்று மெல்லிய தோல் போல ஒரு படலம் வருமே, அது சரியாக வராது. அந்தப் படலத்துக்கு வெள்ளைச் சர்க்கரை முட்டையில் நன்றாகக் கரைய வேண்டும். அதனால்தான் இரண்டும். வெள்ளைச் சர்க்கரை பெரிய பரலாக இருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை குளிர்ந்திருக்கக் கூடாது. பிரிட்ஜிலிருந்து நேராக எடுத்து அடித்தால், அதில் சாக்லேட்டை ஊற்றும்போது சாக்லேட் அங்கங்கே உறைந்து திப்பி திப்பியாகிவிடும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க மறந்துவிட்டால், ஓட்டோடு வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் போதும். முட்டைகள் சிறியவையாக இருந்தால் மூன்றை உடைத்துக் கலக்கி, அதிலிருந்து 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உப்பை விட்டுவிட வேண்டாம், அது இல்லாவிட்டால் சாக்லேட் சப்பென்று இருக்கும். காபித்தூள் உங்கள் விருப்பம். அரை டீஸ்பூனில் காபி வாசனை வராது, சாக்லேட்டின் கசப்பு மட்டும் கொஞ்சம் ஆழமாகும்.

தொடங்குமுன்

ஓவனின் நடுத்தட்டில் ட்ரே வருமாறு கம்பித் தட்டைப் பொருத்தி, 175 டிகிரி செல்சியஸுக்கு வைத்து, குறைந்தது 20 நிமிடம் சூடாக விடுங்கள். ஓவனின் சூடு காட்டும் விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சூடாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். சுவர்களும் தட்டும் சூடேற இன்னும் சில நிமிடம் ஆகும். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் முறையென்றால் 160 போதும். வீட்டு ஓவன்கள் பல, திருகில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லாமல் நடந்துகொள்ளும். 10, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

ட்ரேயில் பேக்கிங் தாள் விரியுங்கள். மெழுகு பூசிய தாள் கூடாது, சூட்டில் மெழுகு உருகும். வெறும் ட்ரேயில் வெண்ணெய் தடவி வைத்தால் அடிப்பக்கம் வழுக்கிக் குக்கீ கூடுதலாகப் பரவும், அதனால் தாளே நல்லது. ட்ரே கறுப்பாக இருந்தால் அடி சீக்கிரம் காய்ந்துவிடும். நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்துப் பாருங்கள்.

மைதா, கொக்கோ, பேக்கிங் பவுடர் மூன்றையும் ஒரு கிண்ணத்தில் சலித்துத் தயாராக வையுங்கள். கொக்கோ கட்டி கட்டியாக இருக்கும். சலிக்காமல் போட்டால் அந்தக் கட்டிகளை உடைக்கக் கலவையை அதிகம் கிளற வேண்டிவரும், நமக்கு வேண்டாதது அதுதான்.

செய்முறை

முதலில் 200 கிராம் சாக்லேட்டையும் வெண்ணெயையும் உருக்குங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணித்து, மேலே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது, ஆவி மட்டும் பட்டால் போதும். முக்கால்வாசி உருகியதும் இறக்கிவிடுங்கள். மீதி கிளறக் கிளறத் தானே உருகும். மைக்ரோவேவில் செய்வதானால் பாதி சக்தியில், 30 நொடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கிண்ணமோ கரண்டியோ ஈரமாக இருக்கக் கூடாது. உருகும் சாக்லேட்டில் சில துளி தண்ணீர் விழுந்தாலும் அதிலுள்ள சர்க்கரை நனைந்து கொக்கோத் துகள்களை ஒட்டவைத்து, மொத்தமும் மணல் போலத் திரண்டு இறுகிவிடும். அப்படியானதைக் குக்கீக்குச் சேர்க்காதீர்கள். ஆனால் வீணாக்கவும் வேண்டாம். சூடான பாலோ கிரீமோ தாராளமாக ஊற்றிக் கலக்கினால் மறுபடி வழவழப்பான சாஸாகிவிடும், வேறு எதற்காவது பயன்படும்.

உருகிய சாக்லேட்டில் காபித்தூளைக் கலந்து ஆறவிடுங்கள். விரலால் தொட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும், கொதிப்பு தெரியக் கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரிக்கு மேல் போனதுமே இறுகத் தொடங்கும். சாக்லேட்டைச் சுடச்சுட ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

அது ஆறுவதற்குள் முட்டை, இரண்டு சர்க்கரை, உப்பு, வெனிலா எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு எலெக்ட்ரிக் பீட்டரால் வேகமாக அடியுங்கள். நான்கைந்து நிமிடம் ஆகும். கலவை வெளுத்து, கெட்டிப்பட்டு, அளவில் பெருகும். பீட்டரைத் தூக்கினால் வழிவது உடனே கலந்துவிடாமல், நாடா போல மேலே சில நொடி நின்று பிறகு மறைய வேண்டும். அதுதான் அடையாளம். கை விஸ்க்கால் அடிப்பதானால் எட்டு, பத்து நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். குக்கீயின் மேலே வரும் பளபளப்பும் வெடிப்பும் இந்த அடியில்தான் பிறக்கின்றன. நன்கு கரைந்த சர்க்கரையும் முட்டை நுரையும் சூட்டில் மேலே ஏறி மெரிங் (வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் சுடும் இனிப்பு) போன்ற ஒரு மெல்லிய படலமாகக் காய்கின்றன. உள்ளிருந்து கலவை பொங்கும்போது அந்தப் படலம் பிளக்கிறது. சோம்பேறித்தனமாக இரண்டு நிமிடம் கலக்கி நிறுத்தினாலும் சுவையான குக்கீ வரும், பார்வைக்கு மட்டும் மங்கலாக இருக்கும்.

இனி பீட்டரைக் கழுவப் போட்டுவிடலாம். இளஞ்சூட்டுச் சாக்லேட்டை முட்டையில் ஊற்றி, ரப்பர் ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலக்குங்கள். வெள்ளைக் கோடுகள் ஓரளவு மறைந்ததும் சலித்த மைதாக் கலவையைச் சேர்த்து மறுபடி மடியுங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத அந்த நொடியில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் கலக்கினால் இரண்டு நஷ்டம்: அடித்து ஏற்றிய காற்று போகும், மைதாவில் குளூட்டன் என்ற புரதம் இழை பிடித்துக் குக்கீ ரப்பராகும். கடைசியாக நறுக்கிய 80 கிராம் சாக்லேட்டில் முக்கால் பங்கைக் கலந்து, மீதியை மேலே வைக்க ஒதுக்கிவிடுங்கள்.

கலவை இப்போது கேக் மாவு போலத் தளர்ந்திருக்கும். பதறி மைதா சேர்க்க வேண்டாம்! பலர் தடம் புரள்வது சரியாக இந்த இடத்தில்தான். 15, 20 நிமிடம் அப்படியே மூடி வையுங்கள். சாக்லேட் ஆற ஆறக் கலவை தானாக இறுகி, கரண்டியில் குவியலாக நிற்கும் பதத்துக்கு வந்துவிடும். சமையலறை வெக்கையாக இருந்தால் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைக்கலாம். மணிக்கணக்கில் குளிரவைத்தால் சுவை கெடாது, ஆனால் மேலே வரும் பளபளப்பு குறையும், குக்கீயும் மேடாக நிற்கும். அழகு முக்கியம் என்றால் பதம் வந்தவுடன் சுட்டுவிடுங்கள்.

ஐஸ்கிரீம் ஸ்கூப்பாலோ இரண்டு ஸ்பூன்களாலோ 40 கிராம் அளவுக்கு எடுத்து, ஒன்றுக்கொன்று ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ட்ரேயில் வையுங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒதுக்கிய துண்டுகளில் ஒன்றிரண்டைச் செருகுங்கள். தட்டையாக அழுத்த வேண்டாம், அது தானே பரவும்.

முதலில் ஒன்றை மட்டும் சுடுங்கள்

ஒரு ட்ரே முழுக்க வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட்டு விதி விட்ட வழி என்று காத்திருப்பதைவிட, முதலில் ஒரே ஒரு குக்கீயைத் தனியாகச் சுட்டுப் பாருங்கள். கலவை எவ்வளவு பரவுகிறது, உங்கள் ஓவனில் எத்தனை நிமிடம் பிடிக்கிறது, அடி கருகுகிறதா என்பதெல்லாம் அந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும். தவறினால் நஷ்டம் 40 கிராம். நான் கொடுத்திருக்கும் நேரம் 10 முதல் 11 நிமிடம். உங்கள் ஓவன் 9 என்று சொல்லலாம், 12 என்றும் சொல்லலாம். ஓவன் சொல்வதைக் கேளுங்கள். நிரம்பிய ட்ரேக்கு மட்டும் இதைவிட அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடப் பிடிக்கலாம்.

எப்போது எடுப்பது? மற்ற பண்டங்களில் உதவும் குச்சி குத்திப் பார்க்கும் வழக்கம் இங்கே உதவாது. குச்சி சுத்தமாக வெளியே வந்தால் காரியம் ஏற்கெனவே கெட்டுவிட்டது. கண்ணால் பாருங்கள். ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு இறுகி, தொட்டால் கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். மேலே வெடிப்பு விழுந்திருக்க வேண்டும். நடு உப்பி, வெடிப்புக்குள் ஈரம் பளபளக்க வேண்டும். ட்ரேயை லேசாக ஆட்டினால் நடுப்பகுதி மெல்ல அசைய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, இன்னும் இரண்டு நிமிடம் வைத்தால்தான் வேகும் என்று தோன்றும். அந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகும் சுடுகிற வேலை நிற்பதில்லை. ட்ரேயின் சூட்டிலும் தன் சூட்டிலும் குக்கீ சில நிமிடம் வெந்துகொண்டே இருக்கும். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் சீக்கிரம் எடுக்கச் சொல்கிறேன். ஓரம் இறுகி நடு உப்பி வெடித்திருந்தால், உள்ளே தெரிகிற ஈரம் பெரும்பாலும் உருகிய சாக்லேட்தான், பச்சை முட்டை என்று பயப்பட வேண்டாம். பச்சைக் கலவையை வழித்து நக்குவதைத் தவிருங்கள், குறிப்பாகக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

வெளியே எடுத்த உடனே இன்னொரு சின்ன வேலை செய்யலாம். குக்கீயைவிடச் சற்றுப் பெரிய வாய் கொண்ட கிண்ணத்தைக் கவிழ்த்து, அதற்குள் குக்கீ இருக்கும்படி வட்டமாகச் சுழற்றினால் கோணல்மாணலான ஓரங்கள் உருண்டு வந்துவிடும். சூடு தணிந்தபின் இது நடக்காது. உப்பிய நடு இப்போது அமுங்கும், அமுங்கத்தான் வேண்டும். அடர்த்தி அப்படித்தான் வருகிறது. பத்து நிமிடமாவது ட்ரேயிலேயே விடுங்கள். சூட்டோடு தூக்கினால் இரண்டாக மடிந்து உடையும். அதன்பின் கம்பித் தட்டுக்கு மாற்றி ஆறவைக்கலாம். சுடச்சுடச் சாப்பிட்டால் குழைவு மட்டும் தெரியும். முழுக்க ஆறிய பிறகுதான் அடர்த்தியும் சாக்லேட்டின் முழுச் சுவையும் தெரியும். இதைச் சொல்லி வீட்டில் யாரையும் தடுக்க முடியாது என்பதும் தெரிந்ததே.

சரியாக வராவிட்டால்

தட்டையாக ஓடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் கலவை இறுகுவதற்குள் சுட்டிருப்பீர்கள், அல்லது ஓவன் போதிய சூட்டில் இருந்திருக்காது. மீதிக் கலவையைப் பத்து நிமிடம் குளிரவைத்து அடுத்த ட்ரேயைச் சுடுங்கள். சூடான ட்ரேயில் அடுத்த ஈட்டை அப்படியே வைப்பதும் இதே பலனைத் தரும். ஓவனுக்குள் போகும் முன்பே வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும். ட்ரே ஆறட்டும்.

பரவாமல் மேடாக, கேக் மாதிரி நின்றால் மைதா கூடியிருக்கிறது, அல்லது சர்க்கரை குறைந்திருக்கிறது. கலவை அளவுக்கு மேல் குளிர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். சுட்டு முடித்ததை மாற்ற முடியாது. மீதியை ட்ரேயில் வைக்கும்போது ஈர விரலால் லேசாகத் தட்டிவிட்டுச் சுடலாம்.

ஆறியதும் கல் போல இறுகினால் நேரம்தான் காரணம், வேறெதையும் தேட வேண்டாம். அடுத்த முறை இரண்டு நிமிடம் முன்னதாக எடுங்கள். அடி மட்டும் கருகி மேலே சரியாக இருந்தால், ஒரு ட்ரேயின் கீழ் இன்னொரு காலி ட்ரேயை வைத்துச் சுடுங்கள். மேலே எண்ணெய் கசிந்தது போலத் தெரிந்தால் சாக்லேட் அதிகம் சூடாகிப் பிரிந்திருக்கலாம்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

மேலே சொன்ன செய்முறையில் முட்டையை எடுத்துவிட்டு வேறெதையாவது போட்டுச் சமாளிப்பது சரிவராது, அதன் கட்டமைப்பே முட்டை நுரையில்தான் நிற்கிறது. வேறு வழியில் போக வேண்டும். மிருதுவான வெண்ணெய் 100 கிராமை, பிரவுன் சர்க்கரை 120 கிராம், பொடித்த வெள்ளைச் சர்க்கரை 30 கிராமுடன் இரண்டு மூன்று நிமிடம் குழைத்து, பால் 3 டேபிள்ஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன் சேருங்கள். இதில் மைதா 120 கிராம், இயற்கைக் கொக்கோ 30 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன் ஆகியவற்றைச் சலித்துப் போட்டு, சாக்லேட் துண்டுகள் 100 கிராம் கலந்து, அரை மணி நேரம் குளிரவையுங்கள். இது கையால் உருட்ட வரும். அதே 175 டிகிரியில் 10 நிமிடம். பளபளப்பான படலம் கிடைக்காது, நடுவின் மெத்தென்ற ஈரம் கிடைக்கும். எடுக்கும் அடையாளமும் அதேதான், நடு வேகாதது போலத் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும்.

எடுத்து வைப்பது

முழுக்க ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு நடுவே தாள் வைத்து அடுக்குங்கள். வெளியிலேயே மூன்று நான்கு நாள் நன்றாக இருக்கும். இரண்டாம் நாள் முதல் நாளைவிடக் குழைவாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஓரங்களுக்கும் பரவுவதால் வருவது அது. காய்வது போலத் தோன்றினால் டப்பாவுக்குள் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு வைத்தால், அதன் ஈரத்தைக் குக்கீ இழுத்துக்கொள்ளும். பிரிட்ஜில் வைத்தால் கொக்கோ பட்டர் உறைந்து கடினமாகிவிடும். சாப்பிடுமுன் வெளியே வைத்து விடுங்கள், அல்லது மைக்ரோவேவில் பத்து நொடி காட்டுங்கள்.

ஒரே நாளில் 16 குக்கீயும் சுட வேண்டிய கட்டாயமில்லை. பதம் வந்த கலவையைத் தாள் விரித்த தட்டில் ஸ்கூப் ஸ்கூப்பாக வைத்து ஃப்ரீசரில் இறுகவிட்டு, பிறகு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மூடினால் ஒரு மாதம் வரை இருக்கும். உறைநிலையிலேயே நேராகச் சூடான ஓவனில் வைக்கலாம், ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும். பையின்மேல் தேதியோடு, உங்கள் ஓவனுக்கு ஒத்துவந்த டிகிரியையும் நிமிடத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.